ஹீமோகுளோபின் 10, ஃபெரிட்டின் 860: இரும்பு டானிக் கொடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் கணவருக்கு 44 வயது. 16 வருடங்களாகக் குடிக்கிறார். கடைசி ஐந்தாறு வருடங்களாகத் தினமும் ஒரு குவார்ட்டர், சில நாள் அதற்கு மேலும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.1, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 860, சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. 106. ஒரு டாக்டர் "உடம்பில் இரும்பு அதிகம்" என்கிறார். மருந்துக் கடைக்காரர் "ரத்தம் கம்மி" என்று இரும்பு டானிக் கொடுத்திருக்கிறார். மாமியார் வாரம் இரண்டு தடவை சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வறுத்துப் போடுகிறார். ஒரே ஆளுக்கு இரும்பு அதிகமாகவும் குறைவாகவும் எப்படி இருக்கும்? குடித்தால் சத்தெல்லாம் போய்விடும் என்பார்களே, இது மட்டும் ஏன் ஏறுகிறது? ஜிங்க் மாத்திரையாவது கொடுக்கலாமா?

டானிக்கை முதலில் நிறுத்திவிடுங்கள். சுவரொட்டியையும்தான். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. ஏன் என்பதை நான் சொல்கிறேன். மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன் நான், நோயாளியைப் பார்க்கிறவன் இல்லை. ஆகவே மருந்துச்சீட்டு எழுத மாட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் விளக்குகிறேன்.

"சத்தெல்லாம் போய்விடும்" என்பது பாதி உண்மை. ஜிங்க் என்கிற துத்தநாகம் போகிறது, மக்னீசியம் போகிறது, செலினியம் குறைகிறது. இரும்பு மட்டும் எதிர்த்திசையில் வந்து கல்லீரலில் குவிகிறது. உங்கள் கணவர் கதையில் முக்கியமானது இந்த இரும்புதான் என்பதால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வளர்ந்த ஆணின் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்பு. அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி சேமிப்பு, அந்தச் சேமிப்புக்குப் பெரிய கிடங்கு கல்லீரல். சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு உள்ளே போவது 1 அல்லது 2 மில்லிகிராம். தோல் உதிர்வது, குடலின் உள்சுவர் செல்கள் உதிர்வது என்று வெளியேறுவதும் ஏறக்குறைய அவ்வளவே. உப்பு அதிகமானால் சிறுநீரகம் வெளியே தள்ளும். இரும்பு அதிகமானால் தள்ளுவதற்கு உடம்பில் ஒரு வழியும் கிடையாது. ஏரி என்று வைத்துக்கொண்டால், கலிங்கு இல்லாத ஏரி. உள்ளே வருவதைக் கட்டுப்படுத்தினால்தான் உண்டு.

அந்தக் கட்டுப்பாட்டைச் செய்வது ஹெப்சிடின் என்ற ஒரு சின்னப் புரதம். 25 அமினோ அமிலம்தான் நீளம். 2000-க்கு முன் இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நான் படித்தபோது பாடத்தில் இல்லை. கல்லீரல்தான் இதைத் தயாரிக்கிறது. குடல் செல்களில் இரும்பு ரத்தத்துக்குள் போகிற வாசல் ஒன்று உண்டு, ஃபெரோபோர்ட்டின் என்று பெயர். கிடங்கில் இரும்பு போதுமான அளவு சேர்ந்ததும் கல்லீரல் ஹெப்சிடினை அதிகமாகச் சுரக்கும். அது போய் அந்த வாசலை மூடும். ஏரி நிரம்பியதும் வரத்து வாய்க்காலின் ஷட்டரை இறக்குகிற நீர்க்கட்டி (ஊரில் ஏரித் தண்ணீரைத் திறந்து மூடுகிற ஆள்) மாதிரி.

குடி அந்த நீர்க்கட்டியைத் தூங்க வைத்துவிடுகிறது. கல்லீரல் செல்லுக்குள் ஆல்கஹால் உடையும்போது, ஹெப்சிடின் மரபணுவை இயக்குகிற புரதங்களின் வேலை மந்தமாகிவிடுகிறது. ஹெப்சிடின் குறைகிறது, ஷட்டர் திறந்தே கிடக்கிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. உடம்பில் அழற்சி இருந்தால் ஹெப்சிடின் ஏற வேண்டும் என்பது விதி. கிடங்கில் இரும்பு அதிகமாக இருந்தாலும் ஏற வேண்டும். தொடர்ந்து குடிப்பவரின் கல்லீரலில் அழற்சியும் இருக்கிறது, இரும்பும் இருக்கிறது. இருந்தும் ஹெப்சிடின் ஏறுவதில்லை. ஏற்று என்று இரண்டு குரல்கள் கத்தினாலும் இறக்கு என்கிற ஆல்கஹாலின் ஒரே குரல் ஜெயித்துவிடுகிறது. தொடர்ந்து குடிப்பவர்களின் குடல், இரும்பை ஏறக்குறைய இரண்டு மடங்கு உறிஞ்சுகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

ஒரு நாளைக்கு 1 மி.கி. கூடுதல் என்றால் பெரிதாகத் தெரியாது. வருடத்துக்கு 365 மி.கி. பத்து வருடத்தில் மூன்றரைக் கிராம், அதாவது ஒரு ஆளின் மொத்த இரும்புக்குச் சமம். நிஜத்தில் அவ்வளவு தூரம் போவதில்லை. இரைப்பைப் புண்ணில் ரத்தம் கசியும், சாப்பாடும் சரியாக இருக்காது, ஆகவே குடியால் மட்டும் சேரும் இரும்பு பெரும்பாலும் மிதமானதே. ஆனால் மிதமான இரும்பும் ஆல்கஹாலும் ஒரே செல்லுக்குள் சேர்ந்திருப்பதுதான் ஆபத்து.

காரணம் பழைய வேதியியல். ஹென்றி ஃபென்டன் 1894-இலேயே எழுதிவைத்த வினை அது: இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சந்தித்தால் மூர்க்கமாகத் தாக்கக்கூடிய பொருள் பிறக்கும். அது ஹைட்ராக்சில் என்ற தனி உறுப்பு (ஃப்ரீ ரேடிக்கல்) என்று பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள். அதன் கைக்கு எது எட்டுகிறதோ அதை அரிக்கும்: செல்லின் சவ்வு, புரதம், டி.என்.ஏ. எல்லாம். ஹைட்ரஜன் பெராக்சைடு எங்கிருந்து வருகிறது? தினமும் குடிப்பவரின் கல்லீரல், ஆல்கஹாலை உடைக்க வழக்கமான பாதை போதாமல் சி.ஒய்.பி. 2ஈ1 என்ற இரண்டாவது பாதையைப் பெருக்கிக்கொள்கிறது. "அவன் எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவற மாட்டான்" என்று பெருமையாகச் சொல்வார்களே, அதில் ஒரு பங்கு இந்தப் பாதையின் கைங்கரியம். அந்தப் பாதை புகை கக்குகிற பழைய லாரி மாதிரி. வேலை நடக்கும், கூடவே பெராக்சைடு முதலியவற்றைக் கக்கிக்கொண்டே போகும். பக்கத்தில் இரும்பு வேறு குவிந்து கிடக்கிறது. இந்த அரிப்புக்குப் பதிலாகக் கல்லீரலில் உள்ள நட்சத்திரச் செல்கள் தழும்பு நாரை நெய்ய ஆரம்பிக்கின்றன. நார் முற்றினால் சிரோசிஸ், கல்லீரல் சுருக்கம். சுருங்கிய கல்லீரலில் இரும்பும் அதிகமாக இருந்தால் புற்றுநோய் வாய்ப்பும் கூடுகிறது.

இரும்பும் குடியும் கூட்டுச் சேர்ந்தால் எவ்வளவு கெடுதல் என்பதற்கு நல்ல கணக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஹீமோகுரோமட்டோசிஸ் என்று ஒரு பரம்பரை நோய். பிறவியிலேயே ஹெப்சிடின் சரியாகச் சுரக்காது. அந்த நோய் உள்ளவர்களில் தினமும் 60 கிராமுக்கு மேல் ஆல்கஹால் குடிப்பவர்களுக்குச் சிரோசிஸ் வரும் வாய்ப்பு, அவ்வளவு குடிக்காதவர்களைப்போல் சுமார் 9 மடங்கு என்று 2002-இல் வெளியிட்டார்கள். இப்போது நம் ஊர் குவார்ட்டரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 மி.லி., அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம், அதாவது 77 மி.லி. சுத்த ஆல்கஹால். அதன் எடை 61 கிராம். "ஒரே ஒரு குவார்ட்டர்தான்" என்பதன் எடை அது. அந்தப் பரம்பரை நோய் உங்கள் கணவருக்கு இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். அதற்கான மரபணு மாற்றம் வட ஐரோப்பிய வம்சத்தாரிடம்தான் அதிகம், நம்மிடம் மிக அரிது. அந்த மரபணுச் சோதனைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து.

சரி, ஃபெரிட்டின் 860 என்றால் கல்லீரல் நிறைய இரும்பு என்று அர்த்தமா? அப்படியும் இல்லை. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஃபெரிட்டின் என்பது இரும்பை உள்ளே வைத்துப் பூட்டுகிற பெட்டி. ரத்தத்தில் மிதக்கிற பெட்டிகளை எண்ணுகிறார்கள், கிடங்கைத் திறந்து பார்ப்பதில்லை. ஆண்களுக்கு 300 வரை சாதாரணம். குடிப்பவருக்கு அது ஏறப் பல காரணங்கள் உண்டு: நிஜமாகவே இரும்பு சேர்ந்திருக்கலாம், அழற்சி இருந்தாலே ஃபெரிட்டின் ஏறும், கல்லீரல் செல்கள் உடைந்து உள்ளிருக்கும் பெட்டிகள் ரத்தத்தில் கொட்டலாம், ஆல்கஹாலே ஃபெரிட்டின் தயாரிப்பைத் தூண்டவும் செய்யும். 860-இல் எது எவ்வளவு என்று அந்த ஓர் எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது.

அதனால் டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற இன்னொரு சோதனையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ரத்தத்தில் இரும்பை ஏற்றிச் செல்லும் வண்டி டிரான்ஸ்ஃபெரின். அதில் எத்தனை சதவீதம் இருக்கை நிரம்பியிருக்கிறது என்பது கணக்கு. 45-க்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். ஆனால் இந்த வண்டியைத் தயாரிப்பதும் கல்லீரல்தானே. கல்லீரல் நலிந்தால் வண்டிகளே குறைந்துவிடும். இருக்கிற சில வண்டிகள் நிரம்பி வழிவதுபோல் தெரியும். ஆக நலிந்த கல்லீரலில் இந்த எண்ணும் பொய் சொல்லும். உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் இரும்பை அளக்கிற எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அல்லது கல்லீரலில் ஊசி போட்டுத் துணுக்கு எடுத்து நீலச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். அந்தச் சாயம் 1867-இல் மாக்ஸ் பெர்ல்ஸ் கொடுத்தது, இன்றுவரை அதேதான். கண்ணாடித் துண்டில் இரும்பு பளிச்சென்று நீலமாகத் தெரியும். பரம்பரை நோயில் நீலம் கல்லீரல் செல்களில் நெருக்கமாக அப்பியிருக்கும். குடியால் வந்ததில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, கல்லீரலின் துப்புரவுச் செல்களான குஃப்பர் செல்களிலும் சேர்ந்து தெரியும். மாணவர்களிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒரு தடவையிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. கிடங்கில் இவ்வளவு இரும்பு இருக்கும்போது ஹீமோகுளோபின் ஏன் 10? ஏனென்றால் இங்கே பஞ்சம் இரும்புக்கு இல்லை, கொத்தனாருக்குத்தான். ஆல்கஹால் எலும்பு மஜ்ஜையை நேரடியாகவே மந்தப்படுத்தும். ஃபோலிக் அமிலம் குறையும். பி6 வைட்டமின் சரியாக வேலை செய்யாவிட்டால் இரும்பைக் கையில் வைத்துக்கொண்டே ஹீமோகுளோபினுக்குள் செருகத் தெரியாமல் மஜ்ஜை திணறும். வளையமாக இரும்பு கோத்த செல்கள் நுண்ணோக்கியில் தெரியும். மண்ணீரல் வீங்கியிருந்தால் சிவப்பணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவருடைய எம்.சி.வி. 106 என்பது ஒரு நல்ல துப்பு. இரும்புக் குறைவால் வரும் சோகையில் சிவப்பணு சிறுத்துப்போகும், எம்.சி.வி. 80-க்கும் கீழே இறங்கும். இவருக்குச் சிவப்பணு பெருத்திருக்கிறது. அது குடி, ஃபோலிக் அமிலக் குறைவு, கல்லீரல் கோளாறு ஆகியவற்றின் கையெழுத்து. கடைக்காரர் ஹீமோகுளோபின் எண்ணைப் பார்த்தார், அதற்கு இரண்டு வரி கீழே இருந்த இந்த எண்ணைப் பார்க்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குடிப்பவருக்கு நிஜமான இரும்புக் குறைவு வரவே வராது என்று நான் சொல்லவில்லை. உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாயிலிருந்தோ இரைப்பையிலிருந்தோ மாதக்கணக்கில் ரத்தம் கசிந்தால் இரும்பு தீர்ந்துபோகும். அப்போதும் அழற்சியின் தயவில் ஃபெரிட்டின் சாதாரணமாகவே காட்டும். ஆனால் 860 என்கிற அளவில், எம்.சி.வி. 106-ஐயும் வைத்துக்கொண்டு, இரும்பு டானிக் கொடுக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

குடி தூங்க வைத்த நீர்க்கட்டி ஒரு பக்கம். குடிக்கிற பானத்திலேயே உலோகம் கரைந்து வருவது இன்னொரு பக்கம். தென்னாப்பிரிக்காவில் 1929-இல் ஸ்ட்ராகன் என்ற மருத்துவர், இறந்த கறுப்பின ஆண்கள் பலருடைய கல்லீரலில் ஏராளமான இரும்பு படிந்திருப்பதைப் பதிவு செய்தார். கிராமத்து வீடுகளில் சோளத்தைப் புளிக்க வைத்துக் காய்ச்சிய பீர்தான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. பானை மண்பானையாக இருந்தவரை பிரச்சினை இல்லை. ஐரோப்பியர் வந்தபின் இரும்புப் பானையும், அப்புறம் இரும்புப் பீப்பாயும் புழக்கத்துக்கு வந்தன. புளித்த பீர் இரும்பைக் கரைத்தது. லிட்டருக்கு 40 மி.கி.-க்கும் மேல் இரும்பு. அந்தப் பீரில் ஆல்கஹால் குறைவு, ஆனால் ஒரே அமர்வில் லிட்டர் கணக்கில் குடிப்பார்கள். இரும்பு இவ்வளவு சேர்ந்ததும் அது உடம்பிலுள்ள வைட்டமின் சி-யை வேகமாக அழித்தது. ஸ்கர்வி வந்தது, முதுகெலும்பு பொடியாகியது. எல்லோருக்கும் இப்படி ஆகவில்லை என்பதால் ஏதோ ஒரு பரம்பரைக் கூறும் சேர்ந்திருக்க வேண்டும் என்று 1992-இல் ஓர் ஆய்வுக் குழு வாதிட்டது.

இதைவிடக் கொடூரமான கதை கனடாவின் கியூபெக் நகரத்தில் நடந்தது. 1965-இல் பீரின் நுரை நிற்பதற்காகக் கோபால்ட் உப்பு சேர்த்தார்கள். சில மாதங்களில், நிறையப் பீர் குடிக்கிற ஆட்கள் இதயம் வீங்கி மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான பேர், அவர்களில் 20 பேர் இறந்துபோனார்கள். கோபால்டை நிறுத்தியதும் புது நோயாளி வருவதும் நின்றது. அந்தக் காலத்தில் சோகைக்கு மருந்தாகவே இதைவிட அதிகமான கோபால்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு இப்படி ஆகவில்லை. சரியாகச் சாப்பிடாமல் குடிக்கிற உடம்பு, உலோகத்தை மற்றவர் உடம்புபோல் தாங்காது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

செம்பு விஷயத்தில் ஒரு சின்ன வரலாறு. குடியால் கெட்ட கல்லீரல் செல்லில் தெரிகிற கயிறு முறுக்கினாற்போன்ற படிவுக்கு மல்லோரி உடல் என்று பெயர். பாஸ்டன் நோயியலாளர் ஃபிராங்க் மல்லோரி 1911-இல் விவரித்தது. அதே மல்லோரி 1920-களில், ஹீமோகுரோமட்டோசிஸில் வருகிற கல்லீரல் சுருக்கத்துக்குச் செம்பு நஞ்சுதான் காரணம் என்று விடாப்பிடியாக எழுதினார். அது நிற்கவில்லை. செம்பு உடம்பைவிட்டு வெளியேறும் வழி பித்தநீர். கல்லீரல் கெட்டுப் பித்தநீர் ஓட்டம் தடைபட்டால் செம்பு தேங்கும், அதனால் சிரோசிஸில் அது கொஞ்சம் கூடித் தெரியலாம்.  செம்பு நிஜமாகவே நஞ்சாகிற கல்லீரல் வேறு. வில்சன் நோயில் உலர்ந்த கல்லீரல் ஒரு கிராமுக்கு 250 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு இருக்கும், சாதாரணமாக 50-க்குள். நம் நாட்டில் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு வந்த கல்லீரல் சுருக்கமும் அப்படிப்பட்டதுதான். 1980-களில் புனே மருத்துவர்கள் அதைத் துலக்கினார்கள், பித்தளை போய் எவர்சில்வர் வந்ததும் நோயும் கிட்டத்தட்ட மறைந்துபோனது. உங்கள் பாட்டி வீட்டில் ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுப்பாரே, அது அழகுக்கு மட்டும் செய்த வேலை இல்லை.

இனி போகிற கட்சி. துத்தநாகம்தான் அதில் முக்கியம். இதற்குப் பின்னால் பெர்ட் வல்லி என்ற ஒரே ஆளின் இரண்டு கண்டுபிடிப்புகள் இருக்கின்றன. ஆல்கஹாலை உடைக்கிற நொதியின் நடுவில் துத்தநாக அணு உட்கார்ந்திருக்கிறது என்று 1955-இல் ஈஸ்ட்டிலும், அதன்பின் குதிரைக் கல்லீரலிலும் காட்டியவர் அவர். 1956-இல் அவரும் கூட்டாளிகளும், குடியால் கல்லீரல் சுருங்கியவர்களின் ரத்தத்தில் துத்தநாகம் குறைந்திருப்பதை வெளியிட்டார்கள். கல்லீரலிலும் குறைவு; சிறுநீரில் மட்டும் அதிகம். அதாவது ஒழுகிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆல்கஹாலை உடைக்கத் தேவையான உலோகத்தையே ஆல்கஹால் வெளியேற்றுகிறது.

துத்தநாகத்துக்கு இரும்பைப்போல் பெரிய கிடங்கு கிடையாது. உடம்பில் மொத்தம் 2 முதல் 3 கிராம், பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும். அவசரத்துக்கு எடுத்துக்கொடுக்க வராது. குறைந்தால் முதலில் தெரிவது நாக்கில்: சாப்பாட்டில் ருசியே இல்லை என்பார். புண் ஆறாது. மாலை மங்கினால் கண் தெரியவில்லை என்பார். வைட்டமின் ஏ-யைக் கண் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுகிற நொதிக்கும் துத்தநாகம் வேண்டும். அதற்காக வைட்டமின் ஏ மாத்திரையை அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள், குடிக்கிற கல்லீரலுக்கு அதுவே நஞ்சு. குடலின் உள்சுவர் துத்தநாகம் குறைந்தால் இளகி, குடல் கிருமிகளின் நஞ்சைக் கல்லீரலுக்கு அனுப்பும். முற்றிய நிலையில் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் வேலையும் தளர்ந்து, மூளை மந்தமாவதற்குத் துணைபோகும்.

ஜிங்க் மாத்திரை கொடுக்கலாமா என்றால், டாக்டர் எழுதித் தந்தால் கொடுக்கலாம், அவர் சொல்லும் காலம் வரை. சோதனை எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதில் ஒரு சிக்கல். ரத்தத்தில் துத்தநாகம் அல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பயணிக்கிறது. கல்லீரல் நலிந்து அல்புமின் குறைந்தால் துத்தநாக எண்ணும் கூடவே குறைந்து காட்டும். நீங்களாகவே மாதக்கணக்கில் கொடுத்தால் இன்னொரு சிக்கல்: அதிகத் துத்தநாகம் குடலில் செம்பை உள்ளே விடாது. வில்சன் நோய்க்கு அதையே மருந்தாகக் கொடுப்பது அதனால்தான். செம்பு மிகவும் குறைந்தால் மறுபடியும் சோகை வரும், கால் மரத்துப்போகும். நல்லது செய்யப் போய்ப் புதுச் சோகையை விலைக்கு வாங்கின கதை.

மக்னீசியத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஆனால் நடைமுறையில் அவசரம் அதில்தான். ஆல்கஹால் உள்ளே போனதும் சிறுநீரகம் மக்னீசியத்தை வெளியே விட ஆரம்பித்துவிடும். 1954-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் எட்மண்ட் ஃப்ளிங்க், குடியை நிறுத்தியதும் நடுங்கிப் பிதற்றுகிற நோயாளிகளிடம் மக்னீசியம் தாழ்ந்திருப்பதைக் காட்டினார். உடம்பிலுள்ள மக்னீசியத்தில் 1 சதவீதம்தான் ரத்தத்தில். ஆகவே ரிப்போர்ட்டில் சாதாரணம் என்று வந்தாலும் உள்ளே காலியாக இருக்கலாம். அது குறைந்தால் பொட்டாசியமும் கால்சியமும் கூடவே இறங்கும், எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. நரம்புக்கு உயிரான பி1 வைட்டமினை வேலை செய்கிற வடிவத்துக்கு மாற்றவும் மக்னீசியம் வேண்டும். வயிற்றெரிச்சலுக்கு என்று பலர் வருடக்கணக்கில் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறார்களே பான்டோபிரசோல், அதுவும் நாளாக ஆக மக்னீசியத்தை இறக்கும். உங்கள் கணவர் அதைப் போடுகிறவராக இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மாங்கனீசு இன்னும் ஒரு வகை. செம்பைப்போல அதுவும் பித்தநீரில்தான் வெளியேற வேண்டும். கல்லீரல் முற்றிலும் சுருங்கினால் வெளியேறாமல் மூளையின் ஆழத்திலுள்ள பகுதியில் படியும்; எம்.ஆர்.ஐ.-யில் அந்த இடம் வெள்ளையாக மின்னும். உங்கள் கணவர் அந்தக் கட்டத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

இரும்பு அதிகம் என்றால் ரத்தம் எடுத்துவிடலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். பரம்பரை நோய்க்கு அதுதான் வைத்தியம். ஒரு தடவை எடுக்கிற ரத்தத்தில் 200 முதல் 250 மி.கி. இரும்பு போகும். குடியால் சேர்ந்த இரும்புக்கு அதனால் பயன் என்று நிரூபணம் இல்லை, ஹீமோகுளோபின் 10 உள்ளவரிடம் எடுக்கவும் முடியாது. நீர்க்கட்டியை எழுப்புவதுதான் வழி. குடி நின்றால் ஹெப்சிடின் தானாகவே மீளும்.

ஆனால் நாளை காலையிலிருந்து சொட்டுக்கூடக் கிடையாது என்று வீட்டிலேயே பூட்டி வைத்துவிடாதீர்கள். தினமும் இவ்வளவு குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் சேர்த்து நிறுத்துங்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் பி1 ஊசி போடுவார்கள்; போட்டாயிற்றா என்று நீங்களும் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. மக்னீசியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நாள்கணக்கில் சாப்பிடாமல் இருந்தவருக்குத் திடீரென்று சோறும் குளுக்கோஸும் போனால் பாஸ்பரஸ் சரிந்துவிடும்.

சாப்பாட்டில் முட்டை, மீன், பயறு, தயிர் தாராளமாக இருக்கட்டும். கல்லீரல் நோய்க்குப் புரதம் ஆகாது என்பது பழைய நம்பிக்கை. முருங்கைக்கீரைக்குப் பயந்து ஒதுக்க வேண்டாம், கீரையிலுள்ள இரும்பு சுலபமாக உள்ளே போவதில்லை. ஈரல், சுவரொட்டி, இரும்பு கலந்த சத்து மாத்திரை, பெரிய அளவு வைட்டமின் சி மாத்திரை இவை மட்டும் இப்போது வேண்டாம். "லிவர் டானிக்" என்று விற்பதன் மேலட்டையைப் படித்துப் பாருங்கள், சிலவற்றில் இரும்பு இருக்கும்.

குடி நின்று ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஃபெரிட்டினைத் திரும்பப் பாருங்கள், நன்றாக இறங்கியிருக்க வேண்டும். எம்.சி.வி. சீக்கிரம் இறங்காது, சிவப்பணுவின் ஆயுள் 120 நாள், பழையவை போய்ப் புதியவை வர மூன்று நான்கு மாதம் ஆகும். ஃபெரிட்டின் இறங்காமல் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் உயர்ந்தே இருந்தால் அப்போது எம்.ஆர்.ஐ. பற்றிப் பேசலாம். ஹீமோகுளோபின் ஏறாவிட்டால் எண்டோஸ்கோபி.

டானிக்கை உடனே நிறுத்தச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரும்பு மருந்து மலத்தைக் கறுப்பாக்கும். உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ ரத்தம் கசிந்தாலும் மலம் தார்போலக் கறுத்து வரும். இப்போது கறுப்பாக இருந்தால் எது காரணம் என்று உங்களுக்குத் தெரியாது. நிறுத்தி நான்கைந்து நாளில் நிறம் பழையபடி திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றாலோ, பிசுபிசுப்பும் நாற்றமுமாக வந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.